வெங்காய வேரில் செல் பிரிவைப் பார்ப்பது எப்படி? வேர் வளர்ப்பதிலிருந்து எண்ணிக்கை வரை முழு வழிகாட்டி

செல் பிரிவுப் படத்தைப் புத்தகம் பார்த்து வரைய எல்லோருக்கும் வரும். அதே நிலைகளைத் தான் தயாரித்த ஸ்லைடில் காட்டச் சொன்னால்தான் தடுமாற்றம். முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் மைக்ரோஸ்கோப்பைக் குறை சொல்வார்கள். ஆனால் அந்த ஸ்லைடு கெட்டது அதற்கு வெகு முன்பே. வேரை எப்போது வெட்டினோம், அமிலத்தில் எவ்வளவு நேரம் வைத்தோம், நுனியில் எத்தனை மில்லிமீட்டர் எடுத்தோம் என்ற மூன்று இடங்களில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

வேர் வளர 3 நாள், ஃபிக்ஸ் ஆக (செல்களை ரசாயனத்தில் இருந்தபடியே நிறுத்த) 1 நாள் பிடிக்கும். திங்கட்கிழமை செய்முறை வகுப்பு என்றால் வியாழக்கிழமையே வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்துவிடுங்கள்.

1. எதைத் தேடப் போகிறோம்?

இது தெரியாமல் ஸ்லைடு போட்டால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சிவப்புப் புள்ளிகள்தான். அதனால் முதலில் கணக்கு.

வெங்காயத்தின் உடல் செல் ஒவ்வொன்றிலும் 16 குரோமோசோம்கள், அதாவது டிஎன்ஏவைச் சுமக்கும் இழைகள். பெரிய வெங்காயமோ சின்ன வெங்காயமோ, இரண்டுக்கும் அதே 16. வேர் நீள்வதற்கு ஒரு செல் இரண்டாகும்போது இரண்டிலும் 16 இருக்கும். இது மைட்டாசிஸ், வளர்ச்சிக்கான பிரிவு. பூவுக்குள் மகரந்தம் உண்டாக ஒரு செல் நான்காகும்போது ஒவ்வொன்றிலும் 8 மட்டும். இது மியாசிஸ், இனப்பெருக்கத்துக்கான பிரிவு. ஆண் பக்கம் 8, பெண் பக்கம் 8 சேர்ந்தால்தான் அடுத்த செடிக்கு மறுபடி 16 கிடைக்கும்.

குழப்பம் வருவது நடுவில். பிரிவு தொடங்கும் முன்பே, இரண்டு பிரிவுகளுக்கு இடைப்பட்ட இன்டர்ஃபேஸ் என்ற நிலையில், டிஎன்ஏ இரட்டிப்பாகிவிடும். 'அப்படியானால் 32 குரோமோசோம்தானே?' என்று கேட்பார்கள். இல்லை. ஒவ்வொரு குரோமோசோமும் சென்ட்ரோமியர் என்ற இணைப்பிடத்தில் ஒட்டிய இரண்டு ஒரே மாதிரி இழைகளாக, அதாவது குரோமாட்டிடுகளாக நிற்கிறது, அவ்வளவுதான். சென்ட்ரோமியரை எண்ணுங்கள், குரோமாட்டிடை எண்ணாதீர்கள். பிரிவின் அனாஃபேஸ் என்ற நிலையில் அந்த ஜோடி பிரிந்ததும் ஒவ்வொரு குரோமாட்டிடும் தனிக் குரோமோசோம் ஆகும். அந்தச் சிறிது நேரம் மட்டும் ஒரே செல்லில் 32 இருக்கும். பிறகு 16, 16 என்று இரண்டு செல்களுக்குப் போய்விடும்.

இன்னொன்று: ஸ்லைடில் இருக்கும் செல்கள் உயிரோடு இல்லை. ஒரு செல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் அது அடுத்த நிலைக்குப் போகாது. வெவ்வேறு நிலைகளில் நின்றுபோன செல்களைத் தேடி எடுத்து வரிசைப்படுத்துவதுதான் நம் வேலை.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

வெங்காயம், அதன் அடி உட்காரும் அளவுக்கு வாயுள்ள பாட்டில், பிளேடு, இரும்பு ஊசி, ஸ்லைடு, கவர் ஸ்லிப், வாட்ச் கிளாஸ் (குழிந்த சிறு கண்ணாடித் தட்டு), ஸ்பிரிட் விளக்கு, பிளாட்டிங் பேப்பர், தெர்மாமீட்டர். ரசாயனங்களில் எத்தனால், கிளேசியல் அசிட்டிக் அமிலம், 1 நார்மல் (செறிவின் அளவு) ஹைட்ரோகுளோரிக் அமிலம், அசிட்டோகார்மைன் சாயம். கையுறையும் கண் கண்ணாடியும் கட்டாயம்.

1 நார்மல் அமிலம் கையில் இல்லையென்றால், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 8.3 மி.லி. எடுத்துத் தண்ணீரில் மெதுவாக ஊற்றி, மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் சூடாகித் தெறிக்கும்.

மலைப்பகுதி ஆய்வகங்களில் ஒரு வேடிக்கை நடக்கும். கிளேசியல் அசிட்டிக் அமிலம் 17 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும். ஊட்டியில் டிசம்பர் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஒன்றும் வராது. கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மூடியைச் சற்றுத் தளர்த்தி வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைத்தால் உருகிவிடும்.

3. வேர் வளர்த்தல்

காய்ந்த வெளித்தோலை உரித்துவிட்டு, அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பழைய வேர்களைப் பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். அடித்தட்டை ஆழமாகச் சீவிவிடக் கூடாது. புது வேர் முளைப்பது அந்தத் தட்டிலிருந்துதான்.

பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி, வெங்காயத்தின் அடி மட்டும் தண்ணீரைத் தொடும்படி வாயில் உட்கார வையுங்கள். பாதி வெங்காயம் மூழ்கினால் வேருக்கு முன் அழுகல் வந்துவிடும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள்.

நம் ஊரில் சின்ன வெங்காயம் இதற்கு மிக வசதி. சீக்கிரம் வேர் விடும், ஒரு கைப்பிடி இருந்தால் வகுப்புக்கே போதும். பெரிய வெங்காயத்தில் சில அசையவே அசையாது. முளைக்காமல் இருக்கக் கதிர்வீச்சு கொடுத்த சரக்காகக் கூட இருக்கலாம். அதனால் ஒரே ஒரு வெங்காயத்தை நம்பி உட்காராதீர்கள், வேறு வேறு கடைகளில் வாங்கிய நான்கைந்தை வையுங்கள்.

வேர் 1 முதல் 2 செ.மீ. இருக்கும்போது எடுக்க வேண்டும். நுனி வெளுத்து, உறுதியாக இருக்க வேண்டும். பாட்டிலின் அடியில் முட்டி வளைந்ததும், பழுப்பேறியதும் வேண்டாம்.

4. வெட்டி ஃபிக்ஸ் செய்தல்

இதற்கு முன்பே ஃபிக்ஸேட்டிவ் தயாராக இருக்க வேண்டும்: எத்தனால் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு. 15 மி.லி.க்கு 5 மி.லி. கலந்தால் ஒரு குழுவுக்குப் போதும். அன்றன்றைக்குத்தான் கலக்க வேண்டும். நாளானால் ஆல்கஹாலும் அமிலமும் தங்களுக்குள் வினைபுரிந்து எத்தில் அசிட்டேட் ஆகிவிடும். 'போன மாதம் கலந்தது மிச்சம் இருக்கிறது' என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள்.

வெட்டும் நேரம் காலை 8 முதல் 10 மணிக்குள் என்பது ஆய்வகங்களில் வழக்கம். பிரியும் செல்கள் அந்த நேரத்தில் அதிகமாகக் கிடைக்கும். வெங்காய வேர்ச் செல்லின் ஒரு முழுச் சுழற்சிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இன்டர்ஃபேஸ்தான், கண்ணுக்குத் தெரியும் பிரிவு சிறு பகுதி. நேரம் தவறினால் ஸ்லைடு முழுக்க உருண்டை நியூக்ளியஸ்கள்தான் (செல்லின் உட்கருக்கள்) மிஞ்சும்.

வெட்டிய வேரை அந்த நொடியே ஃபிக்ஸேட்டிவில் போடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் சேர்த்து வைத்து, அப்புறம் மொத்தமாகப் போடலாம் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. வெட்டுப்பட்ட வேரில் தொடங்கிய பிரிவுகள் முடிந்துகொண்டே போகும், புதிதாகத் தொடங்குவது குறையும். ஃபிக்ஸேட்டிவின் வேலையே இருந்த இடத்தில் இருந்தபடி செல்லை நிறுத்துவதுதான்.

24 மணி நேரம் அப்படியே விடுங்கள். உடனே ஸ்லைடு போடவில்லையென்றால் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும்.

5. அமிலத்தில் மென்மையாக்குதல்

வேரைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, 60 டிகிரிக்குச் சூடாக்கிய 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். அதை அமிலம் கரைத்தால்தான் பிறகு நசுக்கும்போது செல்கள் ஒரே அடுக்காகப் பரவும்.

வெப்பநிலையைக் கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடாதீர்கள், தெர்மாமீட்டரை வாட்டர் பாத்துக்குள்ளேயே (அமிலத்தைச் சூடாக்கும் சுடுதண்ணீர்ப் பாத்திரம்) வைத்திருங்கள். 45 டிகிரியில் 10 நிமிடம் வைத்த வேர் ரப்பர் மாதிரி நிற்கும். 60 டிகிரியில் அரை மணி நேரம் மறந்துவிட்ட வேர் ஊசி பட்டதுமே கரையும், நியூக்ளியஸ் சாயத்தையும் சரியாக ஏற்காது. சரியாக வெந்த வேரை ஊசியால் தொட்டால் நசுங்கும், ஆனால் தூக்கினால் அறுந்து விழாது.

அமிலத்திலிருந்து எடுத்ததும் மறுபடி தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் அசிட்டோகார்மைன் சரியாக ஏறாது. அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடும் வேலை இதுதான்.

6. நுனி 2 மில்லிமீட்டர்

மொத்தச் செய்முறையிலும் அதிகப் பேர் தோற்பது இங்கே. வேர் முழுக்க செல் பிரிவு நடப்பதில்லை. கடைக்கோடியில் வேர்மூடி. அதற்கு ஒட்டினாற்போல் மேலே ஆக்குத்திசு, பிரிவு நடக்கும் இடம் அது. அதற்கும் மேலே செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டு நீள மட்டும் செய்யும்.

எனவே நுனியிலிருந்து 1 முதல் 2 மி.மீ. வரை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, மீதியை ஸ்லைடிலிருந்து அகற்றிவிடுங்கள். 'நிறைய இருந்தால் நிறையத் தெரியுமே' என்று அரை சென்டிமீட்டர் வைப்பவர்களுக்கு நீண்ட செல்களின் கூட்டத்துக்குள் தேடித் தேடிக் கண் வலிதான் மிச்சம். தடிமனும் கூடிவிடுவதால் கவர் ஸ்லிப் சரியாக உட்காராது.

எந்த முனை நுனி என்பதில் சந்தேகம் வந்தால் வேரை முழுசாக வாட்ச் கிளாஸில் சாயத்தில் சில நிமிடம் ஊற விடுங்கள். ஒரு முனை மட்டும் அடர் சிவப்பாகும். ஆக்குத்திசுவில் செல்கள் சிறியவை, நியூக்ளியஸ் பெரிது, நெருக்கமும் அதிகம், அதனால் அந்த நிறம். வெட்டிய முனை வெளிறியே இருக்கும்.

7. சாயம் ஏற்றுதல்

நுனியின் மேல் ஒரு சொட்டு அசிட்டோகார்மைன் விட்டு, இரும்பு ஊசியால் சின்னச் சின்னதாகக் கிழித்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசி வேண்டாம், சாதாரண இரும்பு ஊசிதான் நல்லது. ஊசியிலிருந்து துளி இரும்பு கரைந்து சேரும்போது கார்மைனின் நிறம் குரோமோசோம்களில் ஆழமாகப் பிடிக்கும். அளவு மீறினால் நியூக்ளியஸைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசமும் கறுத்துவிடும். கரைசல் கொஞ்சம் நிறம் மாறத் தொடங்கியதும் ஊசியை எடுத்துவிடுங்கள்.

பிறகு ஸ்லைடை ஸ்பிரிட் விளக்குச் சுடரின் மேல் இரண்டு மூன்று முறை வேகமாகக் கடத்துங்கள். புறங்கையில் வைத்தால் இதமான சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. கொதித்தால் குமிழி வரும். காய்ந்தால் கார்மைன் துகள்கள் கரும்சிவப்பாகப் படியும். இந்தத் துகள்களைக் குரோமோசோம் என்று நோட்டில் வரைந்தவர்கள் உண்டு. வித்தியாசம் எளிது: துகளின் ஓரம் கூர்மையாக இருக்கும், செல்லுக்கு வெளியேயும் கிடக்கும்.

8. நசுக்குதல்

கவர் ஸ்லிப்பை ஒரு ஓரம் தொட வைத்து, மறு ஓரத்தை ஊசியால் தாங்கி மெதுவாக இறக்குங்கள். அப்போதுதான் காற்று வெளியேறும். முதலில் ஊசியின் மரப்பிடியால் அதன் மேல் லேசாகத் தட்டுங்கள். திட்டு விரிந்து மேகமாகப் பரவுவது கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் மடித்த பிளாட்டிங் பேப்பரை மேலே வைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் நேர் கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் துளியும் நகரக் கூடாது. நகர்ந்தால் செல்கள் உருண்டு சுருண்டுவிடும், அந்த ஸ்லைடைக் காப்பாற்ற வழியில்லை. அழுத்தி அழுத்தியும் திட்டு பரவாமல் கவர் ஸ்லிப் உடைகிறதென்றால் உங்கள் கைபலத்தில் குறையில்லை, 5-ஆம் படியில் நேரம் போதவில்லை என்று அர்த்தம்.

9. மைக்ரோஸ்கோப்பில் தேடும் வரிசை

10 எக்ஸ் லென்ஸில் தொடங்குங்கள். நேராக 40 எக்ஸ் வைப்பவர்கள் கவர் ஸ்லிப்பை உடைப்பது அல்லது காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது, இரண்டில் ஒன்று நிச்சயம்.

சதுரமான சிறு செல்கள், ஒவ்வொன்றிலும் பாதி இடத்தை அடைக்கும் நியூக்ளியஸ்: இப்படித் தெரிந்தால் சரியான இடம். செல் நீளமாக, நியூக்ளியஸ் சிறுத்து ஓரத்தில் ஒதுங்கியிருந்தால் நீளும் பகுதிக்கு வந்துவிட்டீர்கள். தனித்தனியாக உதிர்ந்த செல்கள், உள்ளே ஸ்டார்ச் மணிகள் என்றால் அது வேர்மூடி. இடத்தை உறுதி செய்துகொண்ட பிறகே 40 எக்ஸ். ஒளித்திரையைச் சற்றுச் சுருக்கினால் குரோமோசோம்களின் விளிம்பு எடுப்பாகும்.

10. நிலைகளைப் பிரித்தறிதல்

இன்டர்ஃபேஸ்: நியூக்ளியஸ் வட்டமாக, விளிம்பு தெளிவாக இருக்கும். உள்ளே ஒன்றிரண்டு நியூக்ளியோலஸ் வேறு நிறச்சாயலில் தெரியலாம். பெரும்பாலான செல்கள் இப்படித்தான். இதை 'ஓய்வு நிலை' என்று எழுதாதீர்கள். டிஎன்ஏ இரட்டிப்பாவது இங்கேதான்.

புரோஃபேஸ்: நியூக்ளியஸ் நூல்கண்டு மாதிரி ஆகியிருக்கும். இழை தனித்தனியாகத் தெரிகிறதா என்று ஃபோகஸை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். வெறும் சொரசொரப்பு மட்டும் என்றால் இன்டர்ஃபேஸ் கணக்கில் சேருங்கள். எண்ணிக்கையில் அதிகத் தவறு நடப்பது இந்த எல்லைக்கோட்டில்தான். ஒரு குழுவில் இரண்டு பேர் எண்ணுவதாக இருந்தால் எதைப் புரோஃபேஸ் என்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டாஃபேஸ்: குரோமோசோம்கள் செல்லின் நடுக்கோட்டில் வரிசையாக நிற்கும், நியூக்ளியஸ் உறை இருக்காது. பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் இந்தக் கோடு. செல் நசுங்கும்போது திரும்பிவிட்டால் துருவத்திலிருந்து பார்ப்பது போலாகும். அப்போது குரோமோசோம்கள் வட்டமாக நின்று கைகளை வெளியே நீட்டியிருக்கும். அதைப் புரோஃபேஸ் என்று தள்ளிவிடாதீர்கள், எண்ணுவதற்கு வசதியான கோணமே அதுதான்.

அனாஃபேஸ்: இரண்டு கூட்டங்கள் எதிரெதிர் துருவங்களுக்குப் போகும். கதிர்கோல் இழை சென்ட்ரோமியரைப் பிடித்து இழுப்பதால் அந்தப் பகுதி முன்னே போக, கைகள் பின்னே இழுபடும். இந்த வளைவைப் பார்த்ததும் அனாஃபேஸ் என்று உறுதியாகச் சொல்லலாம்.

டீலோஃபேஸ்: இரண்டு கூட்டங்களும் துருவத்தை அடைந்து, மறுபடி உருண்டு மங்கத் தொடங்கியிருக்கும். நடுவில் மெல்லிய செல் தட்டு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் சந்தேகமே இல்லை. வெங்காயத்தில் இந்தத் தட்டு நடுவில் தோன்றி ஓரத்தை நோக்கி வளரும். விலங்கு செல்லில் நேர்மாறாக, வெளியிலிருந்து உள்நோக்கிக் குழிந்து இரண்டாகும்.

படம் வரையும்போது பலர் பாடநூலில் உள்ள விலங்கு செல்லின் படத்தை நினைவில் வைத்து, வெங்காயச் செல்லின் இரு முனையிலும் சென்ட்ரியோல் என்ற சிறு உறுப்பையும் அதைச் சுற்றிய கதிர்களையும் போட்டுவிடுகிறார்கள். வெங்காயச் செல்லில் சென்ட்ரியோல் கிடையாது. வட்டமான செல்லுக்குள் வரைவதும் அதே தவறுதான். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வரையுங்கள்.

11. எண்ணிக்கை

பிரியும் செல்களை மொத்தச் செல்களால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மைட்டாடிக் குறியீடு கிடைக்கும். உதாரணத்துக்கு, 500 செல்களில் 40 பிரிவில் இருந்தால் 8 சதவீதம். ஒரே ஆக்குத்திசுத் திட்டில் எண்ணாமல், ஸ்லைடின் பல இடங்களில் எண்ணுங்கள். பிரியும் செல்கள் அழகாக இருப்பதால் கண் அவற்றின் பக்கமே போகும், பக்கத்தில் இருக்கும் சாதாரணச் செல் விட்டுப்போகும். விடை வழக்கத்தைவிட அதிகமாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அதே 500-இல் 30 புரோஃபேஸ் என்றால் 6 சதவீதம். சுழற்சி 20 மணி நேரம் என்று வைத்தால் அதில் 6 சதவீதம் 72 நிமிடம். புரோஃபேஸ் ஏறத்தாழ அவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று இப்படி மதிப்பிடலாம். அனாஃபேஸ் அபூர்வமாகத்தான் அகப்படும், சீக்கிரம் முடிந்துவிடுவதுதான் காரணம்.

16 குரோமோசோம்களையும் தனித்தனியாக எண்ணிக் காட்ட வேண்டுமா? சில வேர்களை ஃபிக்ஸ் செய்யும் முன் பாராடைகுளோரோபென்சீனின் நிறைசெறிவுக் கரைசலில் சுமார் 3 மணி நேரம் வையுங்கள். கதிர்கோல் உருவாகாது, குரோமோசோம்கள் குட்டையாகச் சுருங்கி, செல்லுக்குள் சிதறி நிற்கும். இந்த வேர்களில் அனாஃபேஸ் தேடாதீர்கள், இழுக்கக் கதிர்கோல் இல்லையே. குறியீடு கணக்கிடவும் இவை உதவாது, தனி டப்பாவில் பெயர் ஒட்டி வையுங்கள்.

இதே வேலையை ஆராய்ச்சி ஆய்வகங்களில் கோல்ச்சிசின் செய்யும். நம் மாநில மலரான செங்காந்தளில் இருப்பது அதுதான். ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். கொடிய விஷம். கிழங்கை அரைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்ற யோசனை பள்ளியிலும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம்.

12. மியாசிஸ் பார்க்க: வேரை விட்டுப் பூவுக்கு

வேர் நுனியில் எத்தனை ஸ்லைடு போட்டாலும் மியாசிஸ் கிடைக்காது. அதற்கு இளம் மகரந்தப்பை வேண்டும். விதைக்காக விட்ட வெங்காயத்தில் பூங்கொத்தை மூடிய மெல்லிய உறை கிழிவதற்கு முன், அல்லது கிழிந்த உடனே, மொத்தக் கொத்தையும் காலையில் அதே 3:1 கலவையில் போட்டு 24 மணி நேரம் ஃபிக்ஸ் செய்யுங்கள்.

ஒரே கொத்தில் வேறு வேறு வயது மொட்டுகள் இருப்பது நமக்கு நல்லது. நடுத்தர அளவு மொட்டில் தொடங்குங்கள். பிரித்துப் பார்த்து மகரந்தப்பை மஞ்சளாக இருந்தால் தாமதமாகிவிட்டது, உள்ளே மகரந்தம் முதிர்ந்துவிட்டது. சிறிய மொட்டுக்குப் போங்கள். வெளிறி, கண்ணாடி போல் இருப்பதுதான் வேண்டும்.

மகரந்தப்பையை ஒரு சொட்டு அசிட்டோகார்மைனில் வைத்து, ஊசியால் அழுத்தி உள்ளிருக்கும் செல்களைப் பிதுக்குங்கள். பையின் தோலையும் மற்ற சக்கையையும் எடுத்துவிட்டுக் கவர் ஸ்லிப் போடுங்கள். இந்தச் செல்கள் வேர்ச் செல்கள் போல ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருக்காததால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் படி இங்கே தேவையில்லை. அழுத்தமும் லேசாகப் போதும்.

வேர் நுனி ஸ்லைடில் எல்லா நிலைகளும் கலந்து கிடக்கும். இங்கே அப்படி இருக்காது, ஒரு மகரந்தப்பைக்குள் செல்கள் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருக்கும். ஒரு ஸ்லைடில் அனாஃபேஸ் இல்லையென்றால் அதே ஸ்லைடில் தேடிப் பயனில்லை. மொட்டை மாற்றுங்கள். சற்றுச் சிறிய மொட்டு முந்தைய நிலையையும், சற்றுப் பெரியது பிந்தைய நிலையையும் தரும். மொட்டுகளை அளவு வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தால் பாதி நேரம் மிச்சம்.

பார்க்க வேண்டியவை மூன்று. முதல் மெட்டாஃபேஸில் 16 தனிக் குரோமோசோம்கள் தெரியாது, ஒத்த குரோமோசோம்கள் இணைந்த 8 ஜோடிகள் தெரியும். முதல் அனாஃபேஸில் ஜோடிகள் பிரிந்து துருவத்துக்கு 8 என்று போகும், ஆனால் குரோமாட்டிடுகள் இன்னும் ஒட்டியே இருக்கும். எண்ணிக்கை பாதியாவது இங்கேதான். இரண்டாம் பிரிவில் குரோமாட்டிடுகள் விலகி, கடைசியில் ஒரே உறைக்குள் நான்கு செல்கள் நிற்கும். இரண்டாம் பிரிவில்தான் பாதியாகிறது என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

நான்கு செல் கூட்டத்தில் ஒரே நேரத்தில் மூன்று மட்டும் தெரிந்தால் பதற வேண்டாம். நான்காவது பின்னால் இருக்கும், ஃபோகஸைத் திருப்பினால் வந்துவிடும். ஸ்லைடை அடுத்த நாளும் காட்ட வேண்டுமென்றால் கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரத்திலும் நெயில் பாலிஷ் தடவி வையுங்கள். சில நாள் தாங்கும்.